எண்ணினால் எடுப்பான்

என் கணவர் எங்கள் ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை, மடித்தால் சட்டைப் பைக்குள் போய்விடும். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவர் என்பதால் அதை மூன்று பாகமாகப் பிரித்திருக்கிறார். முதலில் வரலாறு, அடுத்து புவியியல், கடைசியில் மக்கள்தொகை. முதல் இரண்டும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மூன்றாவது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கமும் பொய்.

இதை அவர் முகத்துக்கு நேராகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கோபப்பட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கோபப்படாத மனிதரோடு சண்டை போடுவது இருக்கிறதே, அதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது.

நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ அறையைப் பார்த்துக்கொண்டவள். அவருடைய மூன்றாவது பாகம் என் கை வழியாகத்தான் வந்தது. ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு எடை மேடை, சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி, ஜன்னலுக்குப் பச்சைத் திரை. அறை அவ்வளவுதான். விளக்கின் கழுத்து தளர்ந்துபோய்த் தானாகக் குனிந்துவிடும் என்பதால் அதைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் முதன்முதலாகக் கண்ணைத் திறந்து பார்த்தது அந்தத் துணிக் கழுத்து விளக்கைத்தான்.

புவியியலை நானே சொல்லிவிடுகிறேன். அவர் ஆரம்பித்தால் பாறை எப்படி உண்டானது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். ஊருக்குப் பின்னால் மலை, மலையில் கல்குவாரி. முன்னால் ஆறு. அது ஊரை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு போகிறது. பெரிய ரோடு, பஸ், பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில். நடுவில் ஒரே ஒரு பாலம். பாலமா அது? தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடக்கிற தரைப்பாலம். மலையில் விடாமல் ஒரு மழை பிடித்தால் பாலம் முங்கிவிடும், ஊர் பூட்டின வீடாகிவிடும். இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவையில்லை, இங்கே ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தால் போதும்.

வரலாறும் அப்படித்தான், நாலு வரியில் முடிந்துவிடும். ஒரு காலத்தில் அரசாங்கத்து ஆள் ஒருவன் குதிரையில் வந்தான். வீட்டில் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டான். அப்போது இந்த ஊர் ஜனங்களுக்குச் சூதுவாது தெரியாது. அவனை உட்கார வைத்துக் குடிக்கப் பால் கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். அடுத்த அறுவடைக்குள் சிப்பாய்கள் வந்தார்கள். அவன் எழுதினதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை என்று பிடித்துப் போனார்கள், மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கப் பாதை வெட்டுவதற்கு. திரும்பி வந்தவர்களை ஒரே கட்டிலில் உட்கார வைத்துவிடலாம், அத்தனை கொஞ்சம் பேர். அன்றைக்கு ஊர் ஒரு பாடம் படித்தது: எண்ணினால் எடுப்பான்.

பாடம் சரிதான், அன்றைக்குச் சரி. இன்றைக்குக் குதிரையும் இல்லை, சிப்பாயும் இல்லை, அந்த அரசாங்கமே மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. ஊர் மட்டும் இன்னும் ஒளிந்துகொண்டே இருக்கிறது.

கணக்கெடுப்பு வருகிறது என்று காற்று வாக்கில் காதில் விழுந்தால் போதும், இவர்கள் செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். கொடியில் காய்கிற துணியெல்லாம் உள்ளே போகும். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும் மிஞ்சும். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பெண்கள் குவாரி மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். தொட்டிலைக்கூடக் கழற்றி மடித்து வைப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே சோற்றையும் சேர்த்து மறைப்பார்கள்.

இதில் கைதேர்ந்தவர் என் தங்கையின் மாமனார். பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கிறார், கடைக்குப் பின்னாலேயே வீடு. யார் எதற்குக் கேட்டாலும், "எங்க வீட்டுலயா? ரெண்டு ஆளு" என்பார். அவர், அவர் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூத்தவனின் பிள்ளைகள் இருவர் என்று எட்டுப் பேர் குடியிருக்கிற வீடு அது. காலையில் பல் தேய்க்கக் குழாயடியில் வரிசை நிற்கும். ஊரில் அவரை ரெண்டாளு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமை வேறு. குழந்தை பிறந்தால் பதிவுக்கு அக்கரைச் சொந்தக்காரன் விலாசத்தைக் கொடுக்கிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவானும் அவர்தான்.

கடைசியாக நடந்த கணக்கெடுப்பில் எங்கள் ஊருக்குப் போட்ட ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான். ரெண்டாளு மாமா வீட்டுக்குப் போனார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் என் தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தும், மாமா ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "இரண்டு" என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அன்று சாயங்காலமே தங்கை என்னிடம் வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று அவரைக் கேட்டேன்.

"அவங்க சொல்றதைத்தானேம்மா எழுதணும்? அதுதான் விதி."

"சொந்த மச்சினியை இல்லைன்னு எழுதிட்டு வந்திருக்கீங்க. அவ முழுகாம இருக்கா, தெரியுமில்ல? வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இதை நீ வெறும் பயம்னு நினைக்கிற. இது ஊரோட நினைவு. எத்தனை தலைமுறையா..."

"நினைவாம் நினைவு! ஐயாயிரத்துக்குக் கீழ இருக்கிற ஊர்ல பிரசவ அறை கிடையாதுன்னு உத்தரவு வந்து கிடக்கு. இதே இடத்துல உக்காந்து உங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

"ஆறாயிரம் பேர் இருக்கிற ஊரு, அவ்வளவு கீழயா போயிடும்?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போயிற்று. நாலாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. அறையை மூடச் சொல்லிவிட்டார்கள். ஓர் ஆள் வந்து கதவில் கொண்டி அடித்து, உள்ளங்கை அகலப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டுப் போனான். கட்டிலையும் விளக்கையும் மழைக்காலம் முடிந்ததும் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வார்களாம். என்னை அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். தினம் அந்தப் பாலத்தின் மேல் நடந்து போய், அடுத்தவர்கள் ஊர்க் குழந்தைகளைப் பிடித்துவிட்டு வந்தேன்.

ஊரைச் சும்மா விட்டேன் என்று நினைக்காதீர்கள். தெருத் தெருவாகப் போய்க் கத்தினேன். டீக்கடை முன்னால் நின்று கத்தியபோது ரெண்டாளு மாமா பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "பாத்தீங்களா நர்சம்மா? எண்ணினான், எடுத்துட்டான். அப்பவே சொன்னோம்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எண்ணவிடாமல் ஒளிந்துகொண்டதால்தான் எடுத்தான் என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, வாசம் நன்றாக இருக்கிறது என்கிற ஊரை என்ன செய்வது?

மழை வந்தது. பாலம் முங்கியது. நான் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த ஒரு முற்பகலில் தங்கையின் கணவன் நனைந்துகொண்டே ஓடிவந்தான். அவளுக்கு நாள் இன்னும் இருந்தது. ஆனால் வலி கண்டுவிட்டது.

போய்த் தொட்டுப் பார்த்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் கால் இருந்தது. பனிக்குடம் உடைந்திருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டோம். அது வந்தது, அக்கரையில் நின்றது, விளக்கைச் சுழற்றியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. டீக்கடை பெஞ்சைக் கவிழ்த்து அதில் தங்கையைப் படுக்க வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பின்னாலேயே ஊர் திரண்டு வந்தது. கணக்கெடுக்க வந்தால் காணாமல் போகிற ஊர், வேடிக்கை என்றால் பிள்ளை குட்டியோடு வந்துவிடும்.

கதவில் பூட்டு தொங்கியது.

"உடைங்க" என்றேன்.

ஒருவனும் நகரவில்லை. "அரசாங்கப் பூட்டுங்க, கேஸாயிடும்" என்றது ஒரு குரல். குவாரியில் கல் உடைக்கிறவன் ஒருவன், நல்ல மலை போன்ற ஆள், தோளில் சம்மட்டியோடு நின்றான். அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். போய்ச் சம்மட்டியைப் பிடுங்கினேன். என் வீட்டுக்காரர் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். அதை மட்டும் செய்தார், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வந்த கோபத்துக்கெல்லாம் சேர்த்து அடித்தேன். குதிரையில் வந்தவனை, நாலாயிரத்துச் சொச்சத்தை, கழற்றி மடித்த தொட்டில்களை, துடைத்துத் துடைத்துத் தேய்ந்த கண்ணாடியை. பூட்டு அசையவில்லை. கொண்டி பெயர்ந்து வந்தது.

உள்ளே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கால் வந்தது, இடுப்பு வந்தது, கை மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துத் தலையை எடுப்பதற்குள் என் தங்கை என்னைத் திட்டாத திட்டு இல்லை. பெண் குழந்தை. நீலமாக இருந்தது, முதுகைத் தேய்த்த பிறகு கத்தியது. அதற்கப்புறம் தங்கைக்கு ரத்தம் நிற்கவில்லை. அலமாரியில் நான் விட்டுப்போன மாத்திரை இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், யாரையாவது கொன்றுவிட்டு ஜெயிலில் இருப்பேன்.

எல்லாம் அடங்கின பிறகு ரெண்டாளு மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நர்சம்மா, இதை இப்போதைக்கு எங்கேயும் எழுத வேண்டாம். அக்கரையில என் மச்சான் விலாசம் இருக்கு..."

கையெல்லாம் என் தங்கையின் ரத்தம். அந்தக் கையாலேயே வாசலைக் காட்டினேன்.

"வெளிய போங்க மாமா. வயசுல பெரியவரு, என் வாயில எதுவும் வந்துடப் போகுது. போங்க."

போனார்.

வெள்ளம் வடிந்ததும் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், கூடவே ஒரு லாரி. மழை முடியட்டும் என்றவர்கள், பூட்டு உடைந்தது என்றதும் அவசரப்பட்டுவிட்டார்கள். விசாரித்துவிட்டு, சாமான்களைக் கையோடு ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மரியாதையான மனிதர்தான், மரியாதையாகவே கழுத்தை அறுத்தார்.

"சொந்தத் தங்கச்சிக்காக அரசாங்கக் கதவை உடைச்சிருக்கீங்க."

"தங்கச்சியா இல்லாட்டியும் உடைச்சிருப்பேன். பாலம் முங்கிக் கிடந்துச்சு."

"எங்க ஆபீசுக்கு அப்படித் தகவல் இல்லையேம்மா. அவசரம்தான்னு சொல்லச் சாட்சி இருந்தா, இந்த ஊருக்கு இந்த அறை தேவைன்னு நான் மேலே எழுதலாம். இல்லாட்டி எல்லாத்தையும் ஏத்திட வேண்டியதுதான். அன்னைக்கு இங்க யார் யார் இருந்தாங்க?"

சுற்றிலும் ஊரே நின்றது. கையை வீசிக் காட்டினேன். "இதோ, இவங்க எல்லாரும்."

அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார்.

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்லீங்க" என்றான் பெஞ்சின் முன்காலைப் பிடித்து வந்தவன்.

"எங்க வீட்டுல யாரும் வெளியில வரலைங்க" என்றாள், என் காதில் ஓயாமல் 'ஐயோ ஐயோ' என்று கத்திக்கொண்டிருந்தவள்.

குவாரிக்காரனைக் கேட்டார். தன்னிடம் சம்மட்டியே கிடையாது என்றான். கல் உடைக்கிறவனிடம் சம்மட்டி கிடையாதாம்!

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்ப என் மேல விழுந்து நெருக்கிட்டு நின்னது ஆவியா? பேயா?" என்று கத்தினேன். "உங்க ஒவ்வொருத்தர் வீட்டுப் பிள்ளையையும் கவுத்துப் பிடிச்சு முதுகுல தட்டினவ நான். அப்பவே தட்டாம விட்டிருக்கணும். நல்லா ஒளிஞ்சுக்கங்க. அடுத்த மழைக்கு எவ வயித்துல எவ இருக்கான்னு பாப்போம். அன்னைக்கு எவன் வீட்டு வாசலுக்கும் நான் வரமாட்டேன்."

பொய். வருவேன். அது அவர்களுக்கும் தெரியும், அதுதான் இன்னும் எரிச்சல்.

அதிகாரி லாரிக்காரர்களுக்குத் தலையசைத்தார். அவர்கள் உள்ளே போனார்கள். கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நான் இருந்தேன்" என்றது ஒரு குரல். என் வீட்டுக்காரர். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. "குடை பிடிச்சேன். எழுதிக்கங்க."

"நீங்க இவங்க வீட்டுக்காரர் சார். உங்க சாட்சி எடுபடாது."

"எடுபடாட்டி போகுது. ஆள் கணக்குல சேருமில்ல? ஒண்ணுன்னு எழுதுங்க" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒருவரோடு வாதாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரொம்பச் சீக்கிரம்!

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கை முன்னால் வந்தாள். "நானும் இருந்தேன் சார். நான் இல்லாம அது நடந்திருக்காது" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கிண்டல். "இதுவும் இருந்துச்சு."

"குடும்பத்தாளுங்க தவிர வேற யாரும் இல்லையா?" என்று அதிகாரி பேனாவை மூடப் போனார்.

அப்போது லாரிக்காரர்களில் ஒருவன் அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கழுத்தில் நான் கட்டிய துணி அப்படியே இருந்தது. கூட்டம் அதைப் பார்த்தது. ரெண்டாளு மாமாவும் பார்த்தார். விளக்கைப் பார்த்தார், என் தங்கையின் தோளில் கிடந்ததைப் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். பிறகு நடந்து போய் லாரிக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"பெரியவரே, நகருங்க. நீங்க யாரு?" என்றார் அதிகாரி. "அன்னைக்கு உங்க வீட்டுலேர்ந்து எத்தனை பேர் வந்தாங்க?"

ஊருக்கே பதில் தெரியும். சிலர் உதட்டைக்கூட அசைத்தார்கள்.

"எண்ணினா எடுப்பான்னு எங்கப்பா சொல்லிட்டுச் செத்தாரு" என்றார் மாமா. "இங்க எண்ணாமலே எடுத்துட்டுப் போறாங்களே. அப்புறம் எதுக்கு ஒளியணும்? எழுதுங்கய்யா. எங்க வீட்டுல ஒன்பது பேரு. நாங்க எட்டு, அது ஒண்ணு. ஒன்பது பேரும் இங்கதான் நின்னோம். பாலம் முங்கித்தான் கிடந்துச்சு. என் கடைக்குள்ள முழங்கால் தண்ணி."

பிறகு குவாரிக்காரன் தொண்டையைச் செருமினான்.

"சம்மட்டி என்னுதுங்க" என்றான். "எங்க வீட்டுல ஆறு பேரு."

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. அணை உடைந்தால் ஆடு மாடு என்று பார்க்குமா? எங்க வீட்டுல ஏழு, எங்க வீட்டுல அஞ்சு, மாடியில இருக்கிறவங்களைச் சேத்தா பதினொண்ணு என்று நாற்காலியைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். "இது விசாரணைங்க, கணக்கெடுப்பு இல்லை! அன்னைக்கு வந்தவங்க மட்டும் சொல்லுங்க!" என்று அதிகாரி கத்திப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? எத்தனையோ தலைமுறை வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் குரலில் ஒருவர் ஏறிக் கத்தினார்கள். கைக்குழந்தையைத் தூக்கி அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டி, "இதை விட்டுட்டீங்க" என்றாள் ஒருத்தி. அவரிடமிருந்த காகிதம் தீர்ந்துபோயிற்று. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து தம் புத்தகத்தை எடுத்தார். மூன்றாவது பாகத்தில் காலியாகக் கிடந்த அரைப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

விளக்கு உள்ளே போனது. கட்டிலும் போனது. லாரி வெறுமனே திரும்பிப் போனது.

அதிகாரி தன்னால் எதற்கும் உறுதி கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறு கணக்கெடுப்புக்கு மேலே எழுதியிருக்கிறாராம். வரும் என்கிறார்கள். வரட்டும். அதுவரை நான் அக்கரைக்குத்தான் வேலைக்குப் போகிறேன், மழை பிடித்தால் போவதில்லை. ஊர் இப்போது என்னைப் பார்த்தால் வழிந்துகொண்டு சிரிக்கிறது. நான் சிரிப்பதில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்தவர்களுக்கு நான் ஏன் சிரிக்க வேண்டும்?

பிரசவ அறைக் கதவில் பெயர்ந்த கொண்டியை இன்னும் யாரும் மாட்டவில்லை. மாட்ட வருகிறவன் வரட்டும். சம்மட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.